பின்கூடத்தில் ஒரு மீட்டர் பாதை

காலை எட்டு மணிக்கு நூல் பிடித்த மாதிரி இருந்த தண்டவாளம், மதியம் மூன்று மணிக்கு நெளிந்து கிடந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், 6 மில்லிமீட்டர் விலகல். பேரன் ஓட்டிக்கொண்டிருந்த மாதிரி ரயில் எஞ்சின் அந்த இடத்துக்கு வந்ததும் சாய்ந்தது, பின்னால் வந்த இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. "தாத்தா, நான் ஒண்ணும் செய்யல" என்று கையைத் தூக்கிக் காட்டினான். அவன் செய்யவில்லைதான். நான்கு மாதத்துக்கு முன்னால் சாலிடர் கோலும் கையுமாக நான் செய்து வைத்தது அது.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் 32 வருடம் மின்சாரப் பொறுப்பு பார்க்கும் சார்ஜ்மேனாக இருந்தவன். மின்சாரம் தெரியும், மோட்டார் தெரியும். ரயில் தெரியாது. வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். மின்சார ரயில் வந்த பிறகு புகையும் இல்லை, இரைச்சலும் குறைவு. விர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் செய்ய நினைத்தது அந்த ரயிலை இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்து ஒற்றைப் பாதை, கித்தாக் காட்டு, அதாவது ரப்பர் தோட்டத்து ஓரமாக டீசல் எஞ்சின் இழுத்துக்கொண்டு போகும் கூட்ஸ், கொடியோடு நிற்கும் ஸ்டேஷன் மாஸ்டர். மகள் கல்யாணமாகி ஷா ஆலாம் போனதும் பின்கூடம் காலியானது. 18 அடிக்கு 11 அடி, மேலே ஜிங்க் கூரை. மனைவி அங்கே துணி காயப்போட இடம் கேட்டாள். பாதி அறை தருவதாகச் சொன்னேன். இன்று துணி வெளியேதான் காய்கிறது.

முதலில் அளவுக் கணக்கு. மாதிரி ரயிலில் உலகம் முழுக்கப் பரவலாக இருப்பது எச்ஓ, அதாவது 87இல் 1 பங்கு. அதற்கான தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மி.மீ. அகலப் பாதைக்குச் சரி. நம்முடையது ஒரு மீட்டர் பாதை. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய முதல் ரயிலிலிருந்து இன்றைய மின்சார ரயில் வரைக்கும் அதே ஒரு மீட்டர்தான். ஆயிரத்தை 87ஆல் வகுத்தால் 11.5 வரும். கடையில் கிடைப்பது 12 மி.மீ. தண்டவாளம். சுவிட்சர்லாந்து மலை ரயில் பிரியர்களுக்காகச் செய்வது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

16.5 மி.மீ. சாமான் மலிவு, எங்கும் கிடைக்கும். 12 மி.மீ. விலை அதிகம், எல்லாம் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். இரண்டு மாதம் யோசித்தேன். 12 மி.மீ. தண்டவாளத்தில் ஒரு மீட்டர் நீளம் வாங்கி மேசையில் வைத்து, பக்கத்தில் எச்ஓ பெட்டி ஒன்றை வைத்துப் பார்த்ததும் முடிவாகிவிட்டது. ஒல்லியான பாதையும் அதன் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும் பெட்டியும்தான் நம்ம ரயிலின் முகம். அது போனால் வேறு எது செய்தும் பிரயோஜனம் இல்லை.

சட்டம் கட்டுவதில் ஒரு வாரம் வீண். பர்னிச்சர் பட்டறையில் மிஞ்சிய கித்தா மரப் பலகை மலிவாகக் கிடைத்தது. கித்தாத் தோட்ட ரயிலுக்குக் கித்தா மரக் கால்கள், பொருத்தமாக இருக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன். மூன்று மாதத்தில் ஒவ்வொரு காலுக்கும் கீழே மாவு கொட்டியிருந்தது, சல்லடையில் சலித்த அரிசி மாவு மாதிரி. கித்தா மரத்தை மருந்தில் ஊற வைக்காவிட்டால் வண்டு துளைத்துவிடும் என்பது இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றி, கடைகளில் ராக் கட்டுவார்களே, அந்தத் துளை போட்ட இரும்பு ஆங்கிளில் மறுபடி கட்டினேன். மேலே 12 மி.மீ. பிளைவுட். இரண்டு முகத்துக்கும் ஓரங்களுக்கும் வார்னிஷ் அடித்தேன். ஓரத்தை விட்டால் ஈரம் அங்கிருந்துதான் ஏறும்.

சரி, நெளிந்த பாதைக்கு வருகிறேன்.

நீளமான சுவர்ப் பக்கம் ஐந்தரை மீட்டர். ஒவ்வொரு துண்டும் 914 மி.மீ., ஆறு துண்டு. இணைப்புகளை எல்லாம் இறுக்கிச் சாலிடர் வைத்துவிட்டேன். மின்சாரக்காரன் புத்தி. இணைப்பு என்றால் எங்களுக்குத் தளர்வு ஆகாது. தளர்ந்த இணைப்பு சூடாகும், கருகும், ஒருநாள் தீப்பிடிக்கும். ஆகவே ஐந்தரை மீட்டரும் ஒரே கம்பி.

எதிர்வீட்டு மாமா அன்று மாலை வந்தார். வயது 79. ரயில் பாதை பராமரிக்கும் கேங்கில் கூலியாகச் சேர்ந்து மண்டோராக, அதாவது மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். ஈப்போவிலிருந்து கோலா கங்சார் வரை பாதையில் அவர் நடக்காத மைல் இல்லை. அதுவரை என் ரயிலை அவர் ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனவர். அன்று நெளிந்த இடத்தைக் காட்டினேன்.

அவர் பார்த்தவிதம்தான் முக்கியம். மேலே இருந்து குனிந்து பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கன்னத்தைப் பலகையோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் தலையோடு தலையாகப் பார்த்தார். அரை நிமிடம் அசையவில்லை.

"கேப்பு எங்கே தம்பி?"

"எந்த கேப்பு மாமா?"

"தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல. வெயில்ல இரும்பு நீளும்ல. போக இடம் குடுக்கலன்னா அது பக்கவாட்டுல போகும். மத்தியானம் ரெண்டு மணி மூணு மணிக்குத்தான் நாங்க கண்ணுல எண்ணெய் விட்டுட்டுப் பாப்போம்."

நிஜப் பாதையில் வெயிலுக்கு நெளிவது எனக்குத் தெரியும். ஆனால் கூரைக்குக் கீழே வெயிலே படாத 12 மி.மீ. தண்டவாளத்துக்கும் அதுவா? அன்று இரவு கணக்குப் போட்டேன். இந்தத் தண்டவாளம் நிக்கல் சில்வர். பேரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ஒரு மீட்டர் நீளம் ஒரு டிகிரி சூட்டுக்கு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 17 பங்கு நீளும். என் பின்கூடத்தில் விடியற்காலை 24 டிகிரி, மதியம் ஜிங்க் கூரைக்குக் கீழே 39. பதினைந்து டிகிரிக்கு ஐந்தரை மீட்டர் நீளுவது 1.4 மி.மீ. இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த ஒன்றரை மில்லிமீட்டர் போக இடமில்லாமல் ஆணி பிடிக்காத ஒரு பக்கமாகத் தள்ளும்போதுதான் சங்கதி தெரியும். இரண்டு முனையும் அசையாத ஒரு மீட்டர் நீளக் கம்பியை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக்கினால் நடுவில் அது 20 மி.மீ. வரை வளையக்கூடும். எனக்கு ஆறோடு நின்றது அதிர்ஷ்டம். போதாக்குறைக்கு மதியம் காற்றில் ஈரம் குறையும்போது பலகை லேசாகச் சுருங்கும். தண்டவாளம் நீளுது, பலகை சுருங்குது, நடுவில் நான்.

மறுநாள் எல்லாச் சாலிடரையும் உருக்கி எடுத்தேன். ஒரு துண்டுக்கு 0.23 மி.மீ. போதும் என்றது கணக்கு. மாமா "தாராளமா விடு" என்றார். இடைவெளிக்கு அளவாகக் காலாவதியான டச் அண்ட் கோ டோல் அட்டையை வைத்தேன், 0.76 மி.மீ. தடிமன். காலை நேரத்தில், குளிர்ச்சியாக இருக்கும்போது, அட்டையை நடுவில் செருகி ஆணியடித்துவிட்டு உருவி எடுக்க வேண்டும். மதியத்தில் செய்தால் கணக்கு தலைகீழாகிவிடும். கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய பஞ்சுப் பாய் அடித்ததில் உச்ச வெப்பமும் 35க்கு இறங்கியது.

இணைப்பு தளர்ந்தால் மின்சாரம்? அங்கே என் தொழில் கைகொடுத்தது. தண்டவாளத்தை நம்பி மின்சாரம் அனுப்பவே கூடாது என்று முடிவு செய்தேன். பலகைக்கு அடியில் வீட்டு ஒயரிங்குக்கான 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், அறை முழுக்க ஓடுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு 914 மி.மீ. துண்டுக்கும் தனித்தனியாக மெல்லிய ஒயர். மொத்தம் 41 துண்டு, 82 சாலிடர். நிக்கல் சில்வர் மின்சாரத்தைச் செம்பைவிடப் பல மடங்கு தடுக்கும், அதனால் இது எப்படியும் செய்ய வேண்டியதுதான். சாலிடர் வைக்கும்போது பிளாஸ்டிக் சிலிப்பர் கட்டை உருகாமல் இருக்க, இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சை வைத்துவிட்டு, 60 வாட் கோலால் இரண்டு வினாடியில் தொட்டு எடுக்க வேண்டும். சின்னக் கோல் நல்லது என்று நினைத்து 25 வாட்டில் ஆரம்பித்தேன். அது சூடேறும் வரைக்கும் அழுத்திப் பிடித்ததில் முதல் மூன்று துண்டுகளில் கட்டைகள் மெழுகு மாதிரி வழிந்துவிட்டன. பெரிய கோல், குறைந்த நேரம். அதுதான் சரி.

ஓட்டுவதற்கு டிசிசி முறை. பழைய முறையில் தண்டவாளத்துக்கு வரும் வோல்ட்டைக் கூட்டிக் குறைப்பார்கள், ஒரே பாதையில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்ட முடியாது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும். அதன் துருவம் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறும். 58 மைக்ரோ வினாடியில் மாறினால் ஒன்று, 100 மைக்ரோ வினாடியில் மாறினால் சுழி. அப்படி வரும் ஒன்றையும் சுழியையும் எஞ்சினுக்குள் இருக்கும் சின்னப் பலகை படித்து, தன் நம்பருக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கடைப் பெட்டி வாங்கவில்லை. அர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகையும் அதன்மேல் பொருத்தும் மோட்டார் ஷீல்டும் வாங்கி, டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச நிரலை ஏற்றினேன். ஓட்டுவது பேரனின் பழைய கைப்பேசி.

ஒயரிங் முடிந்ததும் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. இருபது காசு நாணயம் ஒன்றை எடுத்து, பாதையின் ஒவ்வொரு மீட்டருக்கும் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே போட வேண்டும். உடனே மின்சாரம் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் அங்கே ஒயரில் எங்கோ தடை அதிகம், கவிழ்ந்த எஞ்சின் ஒருநாள் அந்த இடத்தில் உருகும். எனக்கு ஓர் இடத்தில் துண்டிக்கவில்லை. தேடினால் ஒயர் கனெக்டருக்குள் பல்லி முட்டை இரண்டு. ஸ்க்ரூ சரியாக இறங்கவில்லை. பல்லிகளோடு ஏதோ சமாதானமாகப் போகப் பார்க்கிறேன், முடியவில்லை. குகை வாசலில் எச்சம் போடாத நாள் இல்லை. தண்டவாளத்தில் விழுந்தால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்காமல் எஞ்சின் நகராது.

குகை என்றதும் மாமா சிரித்தார். பாடாங் ரெங்காஸ் பக்கம் இரட்டைப் பாதைக்காக மலையைக் குடைந்த பெராப்பிட் குகை 3.3 கிலோமீட்டர். என் அளவில் 38 மீட்டர், பக்கத்துக் குடியிருப்புத் தாமானுக்குள் போய் முளைக்கும். என் குகை 60 சென்டிமீட்டர். "ரயிலு தலைய விட்டு வால எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுதே" என்றார்.

அவர் சிரிக்காத இடம் வளைவு. என் வளைவுகள் 600 மி.மீ. ஆரம். 87ஆல் பெருக்கினால் 52 மீட்டர். "அம்பத்திரெண்டு மீட்டரா? அங்க வண்டி திரும்பாது தம்பி, நேரா தோட்டத்துக்குள்ள போயி கிராணி வீட்டுல நிக்கும்." ஆரத்தைக் கூட்ட அறை விடாது. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று செய்யக்கூடியது. நேர்ப் பாதையிலிருந்து வளைவுக்குள் திடீரென நுழையக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக வளைய வேண்டும். என் பாதையில் நேர்கோடு முடிந்த இடத்திலேயே வட்டம் தொடங்கியது. ஒவ்வொரு பெட்டியும் அந்த இடத்தில் தோளைக் குலுக்கியது.

அதற்கு ஒரு கணக்கு உண்டு. படிப்படியாக வளையும் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, ஆரத்தின் 24 மடங்கால் வகுத்தால், வட்டத்தை எவ்வளவு உள்ளே தள்ள வேண்டும் என்று வரும். 400 மி.மீ. நீளம் எடுத்தேன். 11 மி.மீ. தள்ளினால் போதும். கோடு போட ஒரு பிரம்பு. அதன் ஒரு பாதியை நேர்கோட்டோடும் மறுபாதியை வட்டத்தோடும் பிடித்தால் நடுவில் தானாகவே சரியான வளைவு விழும். பிரம்பை இந்த நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தலாம் என்று எங்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்குத் தெரியாமல் போய்விட்டது. வெளிப்பக்கத் தண்டவாளத்துக்கு அடியில் அரை மில்லிமீட்டர் அட்டையைக் கொடுத்து லேசாகத் தூக்கினேன். இப்போது ரயில் வளைவில் உள்பக்கம் சாய்ந்துகொண்டு போகிறது. இதைப் பார்ப்பதற்காகவே ஒருநாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அறைக் கதவுக்குக் குறுக்கே பாதை போக வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் குனிந்து போய்வரலாம் என்று நினைத்தேன். என் முதுகு ஒரு வாரத்தில் பதில் சொல்லிவிட்டது. தூக்குப் பாலம் செய்தேன், கீல் இரண்டு, தாழ்ப்பாள் ஒன்று. பாலம் தூக்கியிருக்கும்போது ரயில் வந்தால் நாலடி கீழே சிமென்ட் தரை. ஆலையில் கன்வேயர் மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்பதற்கு லிமிட் சுவிட்ச் வைப்போம். அதே சுவிட்ச் பழைய பெட்டியில் கிடந்தது. பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் தண்டவாளத்தைத் தனியாகப் பிரித்து, பாலம் முழுசாக உட்கார்ந்தால்தான் அங்கே மின்சாரம் வரும்படி செய்தேன். இந்த வேலை முழுக்கவும் எந்தப் பிழையும் வராத ஒரே பகுதி இதுதான் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

எஞ்சின், 1957இல் இங்கிலீஷ் எலக்ட்ரிக் செய்து வந்த 20ஆம் கிளாஸ் டீசல். மலாயாவின் முக்கியப் பாதையில் ஓடிய முதல் டீசல் அதுதான். அடிப்பாகம் 12 மி.மீ. பாதையில் ஓடும் பழைய ஜப்பானிய மாதிரி, மேலுடம்பு ஈப்போவில் 3டி பிரிண்டரில் எடுத்தது. ஒன்பது தடவை அரத்தாள் போட்டும் பிரிண்டர் வரி முழுதாகப் போகவில்லை. தூரத்தில் நின்று பார்க்கச் சொல்வேன்.

கித்தா மரம்தான் என்னை ஆறு மாதம் பிடித்துக்கொண்டது. நிரைக்கு நிரை 6 மீட்டர், மரத்துக்கு மரம் 3 மீட்டர் என்று வைத்தால் என் அளவில் 69க்கு 34 மி.மீ. பாதைக்கும் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கும் நடுவே விட்ட இடத்துக்கே 220 மரம் வேண்டியிருந்தது. பழைய கேபிளை உரித்து, செம்புக் கம்பிகளை முறுக்கி அடிமரம், மேலே பிரித்துக் கிளை, பசையில் முக்கி மரத்தூள் பட்டை. ஒவ்வொன்றும் 17 செ.மீ. உயரம். ஐம்பதாவது மரத்தில் இலை ஒட்டியே கை ஓய்ந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, பிப்ரவரி மார்ச்சில் கித்தா மரம் இலை உதிர்க்குமே. சிவந்து, மஞ்சளாகி, தரையெல்லாம் விரிந்து கிடக்கும். என் தோட்டத்துக்கு அன்றிலிருந்து நிரந்தரமாக மார்ச் மாதம். மரத்துக்குப் பத்து இலை போதும், மிச்சம் தரையில். சோம்பேறித்தனம்தான், ஆனால் பார்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் புகழ்கிறார்கள்.

மரத்தில் பால் வெட்டு வேண்டும். ஊசி முனையால் பட்டையில் சாய்வாகக் கீறி, வெள்ளைச் சாயம் தொட்டு வைத்தேன். அறுபது மரம் முடிந்தபோது மனைவி தேநீர் கொண்டு வந்தாள். பத்து வயதில் அவள் அம்மாவோடு விடியற்காலையில் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு பால் எடுக்க மரம் வெட்டப் போனவள். குவளையை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, இடதுகைக்காரன் வெட்டுன தோட்டமா இது?"

வெட்டு மேலே இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கமாகக் கீழே இறங்க வேண்டும். பால் குழாய்கள் பட்டைக்குள் சாய்ந்து ஓடுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகம் குழாய் அறுபடும், பால் கூட வரும். நான் அறுபது மரத்திலும் தலைகீழாக இறக்கியிருந்தேன். மெக்கானிக் தோட்டம் இது, பால் வராது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அவளே அடுத்த நிரையைக் கீறிக் கொடுத்தாள். ஒரு மரத்துக்கு நான்கு வினாடி. அந்தக் கைக்கு மணிக்கட்டு திருப்பம் மறக்கவில்லை. என் அறுபதும் பின்சுவர் ஓரம் போய்விட்டன.

பால் பிடிக்கும் சிரட்டைக்கும் யோசனை அவளுடையதுதான், கடுகு. 12 செ.மீ. சிரட்டை என் அளவில் 1.4 மி.மீ. கறுப்புக் கடுகைப் பிளேடால் இரண்டாக வெட்டினால் அச்சு அசல் அதே வடிவம், அதே கறுப்பு. ஒரு கடுகுக்கு இரண்டு சிரட்டை. பாதி கடுகு பறந்து எங்கோ விழும். உள்ளே ஒரு சொட்டு வெள்ளைச் சாயம். முதல் இரவு எறும்பு 40 சிரட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது வெட்டின கடுகை வார்னிஷில் முக்கிக் காய வைத்துத்தான் ஒட்டுகிறேன். எறும்பு மோந்து பார்த்துவிட்டுப் போகிறது.

லயத்து வீடுகள் எட்டுக் கதவு, மாரியம்மன் கோயில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, அட்டையில் வெட்டி நிறுத்தியாகிவிட்டது. சுண்ணாம்பு மலை இன்னும் தெர்மாகோல் வெள்ளையில் நிற்கிறது. ஸ்டேஷனில் ரயில் ஓட்டுபவரிடம், ஒற்றைப் பாதையில் போக அனுமதியான டோக்கன் வளையத்தை நீட்டும் ஆள் வேண்டும். மாமா நிற்கும் விதத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வலது கை நீட்டி, உடம்பு பின்னால், கால் விரித்து.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பெட்டி கூட்ஸை முழுச் சுற்றும் ஓட்டிக் காட்டினேன். இறங்கவில்லை, குலுங்கவில்லை. கோயிலுக்கு எதிரே வரும்போது மட்டும் கடைசிப் பெட்டி தலையாட்டியது, எனக்குத் தெரியவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றினார். கன்னம் பலகையில், ஒரு கண் மூடி.

"வலது பக்கம், பத்தாவது கட்டை. உள்ள இறங்கியிருக்கு. பேக்கிங் குடு."

ஆணியைத் தளர்த்தி, நாள்காட்டித் தாளை நான்காக மடித்து உள்ளே தள்ளினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒரு மடிப்பு."